சுமை டிரெய்லரைத் தங்கும் வண்டியாக்க யோசனை வேண்டும்

திருவாரூர் பக்கம் இருக்கிறேன். ஜீப்பில் மாட்டி இழுக்கும் சிறிய மூடிய டிரெய்லர் ஒன்று சும்மா நிற்கிறது. இருவர் படுக்கும்படி மாற்றி, மார்கழியில் கோடியக்கரைக்குப் பறவை பார்க்கக் கொண்டுபோக ஆசை. 'லாட்ஜில் தங்கினால் என்ன?' என்று கேட்க நினைப்பவர்களுக்கு: என் மனைவி உங்கள் கட்சிதான்.

என் கவலையெல்லாம் ஈரம். பகலில் தகடு அடுப்பாகக் காய்கிறது. விடியலில் உட்புறம் நீர் கோத்துச் சொட்டுகிறது. தகட்டுக்கும் பிளைவுட்டுக்கும் நடுவே தெர்மாகோல் போதுமா? ராக்வூல் (பாறை இழைப் பஞ்சு) வைத்தால் ஈரத்தைக் குடித்து, உப்புக்காற்றோடு சேர்ந்து துருவை வளர்க்காதா? கூரையில் 12 வோல்ட் விசிறி வைத்தவர்கள் ஐப்பசி அடைமழையை எப்படிச் சமாளித்தீர்கள்?

பதிவுச் சான்றில் உள்ள விவரம் மாறுவதாக இருந்தால் மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52 குறுக்கே வரும். அனுமதி வாங்கியவர்கள் என்னென்ன ஆவணங்கள் கொடுத்தீர்கள்? தஞ்சாவூர், கும்பகோணம் வட்டாரத்தில் இந்த வேலை தெரிந்த பட்டறை இருந்தாலும் சொல்லுங்கள்.