கேம் தியரியை (ஒவ்வொருவரும் தன் லாபத்தையே பார்த்து ஆடினால் என்ன ஆகும் என்ற கணக்கு) வயர்லெஸில் இறக்கும்போது எங்கே இடிக்கும்? டெசிபெல், பேக்ஆஃப், நானோவாட் என்ற பெயர்களில் மூவரின் பதில்கள்:

டெசிபெல்:
சேனல் தேர்வில் சொதப்புவது பெரும்பாலும் கணக்கு இல்லை, நேரம். 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் ஒன்றின் மேல் ஒன்று ஏறாதவை என்று வழக்கமாக எடுப்பது 1, 6, 11 என்ற மூன்று சேனல்கள். ஒவ்வொரு ஆக்சஸ் பாயின்ட்டும் (வைஃபை தரும் பெட்டி) தனக்கு இடையூறு குறைந்த சேனலுக்கு நகர்ந்தால் அது பொட்டென்ஷியல் கேம்: ஒருவர் தன் நிலையை மேம்படுத்தும் ஒவ்வொரு நகர்வும் எல்லாருக்கும் பொதுவான ஓர் அளவையும் அதே திசையில் நகர்த்தும். ஒரு நேரத்தில் ஒன்று மட்டும் நகர்ந்தால் கட்டாயம் நாஷ் சமநிலையில், அதாவது தனியாக மாறி யாருக்கும் லாபமில்லாத நிலையில், போய் நிற்கும். மாண்டரரும் ஷாப்லியும் 1996-ல் காட்டியது இது.

கரண்ட் போய் வந்தால்தான் வினை. எல்லாப் பெட்டியும் ஒன்றாக ஸ்கேன் செய்யும். 1-ல் இருந்த இரண்டும் 6-க்குத் தாவும், அங்கேயும் முட்டிக்கொண்டு 1-க்கே திரும்பும். குறுகிய சந்தில் எதிரெதிரே வரும் இருவர் ஒரே பக்கம் ஒதுங்குவது மாதிரி. ஸ்கேன் இடைவெளி 10 நிமிடம் என்றால் 0 முதல் 10 நிமிடம் வரை ரேண்டம் தாமதம் கொடுங்கள். புதிய சேனலில் இடையூறு 3 டிபியாவது (ஏறக்குறைய பாதியாக) குறைந்தால்தான் மாறணும் என்றும் வையுங்கள். இல்லாவிட்டால் அளவீட்டுத் தடுமாற்றமே பெட்டியை ஆட்டிவைக்கும்.

பேக்ஆஃப்:
இன்னொரு இடம் கன்டென்ஷன் விண்டோ: அனுப்பும் முன் எவ்வளவு காத்திருப்பது என்று ஒவ்வொரு கருவியும் ரேண்டமாக எண் எடுக்கும் வரம்பு. சாதாரண டேட்டாவுக்குக் குறைந்தபட்சம் 15, அதாவது 0–15-க்குள் ஓர் எண். ஒரு கருவி மட்டும் 3 என்று வைத்தால் காற்றில் பெரும்பங்கு அதற்கே. எல்லாரும் 3 வைத்தால்? இரு கருவிகள் புதிதாக எண் எடுக்கும்போது மோதும் வாய்ப்பு 16-ல் ஒன்றாக இருந்தது, 4-ல் ஒன்றாகிவிடும். அசல் கைதிகள் சிக்கல்: ஆளாளுக்குத் தன் லாபம் பார்த்தால் எல்லாருக்கும் நஷ்டம்.

ஹோஸ்ட்ஏபிடியில் (லினக்ஸ் கணினியை ஆக்சஸ் பாயின்ட் ஆக்கும் மென்பொருள்) சோதிப்பவர்கள் கவனிக்க: ஆக்சஸ் பாயின்ட்டின் சொந்த வரிசைக்கு நேரடி எண் (15). இணையும் கருவிகளுக்கு அறிவிக்கும் டபிள்யூஎம்எம் (டேட்டா வகைக்கேற்ப முன்னுரிமை தரும் முறை) வரியில் இரண்டின் அடுக்கு (4, அதாவது 2⁴ − 1 = 15). ஒன்றை மட்டும் மாற்றினால் ஒரு திசை மட்டும் மாறும், முடிவு அர்த்தமில்லாமல் போகும். பேராசைக்காரரைத் தண்டிக்கும் விதி எழுதுவதானால் சட்டென்று தண்டிக்காதீர்கள். சிக்னல் வலுவான கருவி மோதலிலும் தப்பிவிடும், விதியை மீறாமலே அதிகம் வாங்கும்.

நானோவாட்:
பவர் கன்ட்ரோலில் 1993-ன் ஃபோஷினி–மில்யானிச் விதிதான் அடிப்படை: அடுத்த பவர் = இப்போதைய பவர் × (இலக்கு எஸ்ஐஎன்ஆர் ÷ அளந்த எஸ்ஐஎன்ஆர்). எஸ்ஐஎன்ஆர் என்பது இடையூறும் இரைச்சலும் சேர்ந்ததைவிட சிக்னல் எத்தனை மடங்கு என்பது. இலக்கு எட்டக்கூடியதா என்று பார்க்காமல் ஓடவிட்டால் கெட்டது. இரண்டு இணைப்பு, தன் சிக்னல் வந்து சேரும் அளவு (நேரடி கெயின்) 1, அடுத்தவரின் சிக்னல் குறுக்கே வரும் அளவு (குறுக்கு கெயின்) இரு பக்கமும் 0.2 என்று வைப்போம். இலக்கு 4 என்றால் 4 × 0.2 = 0.8; ஒன்றுக்குக் கீழே, அடங்கும். 6 என்றால் 1.2. இரண்டும் மாறி மாறி ஏற்றி உச்சத்தில் முட்டும். உச்சத்திலும் எஸ்ஐஎன்ஆர் 5-ஐத் தாண்டாது, பேட்டரி மட்டும் காலி.

இலக்கு வைக்காமல் ஒரு ஜூல் மின்சக்திக்கு எத்தனை பிட் அனுப்பலாம் என்று ஆடவிட்டாலும் சமநிலை வரும், ஆனால் எல்லாரும் தேவைக்கு மேல் கத்துவார்கள். சாரய்தார், மந்தயம், குட்மன் 2002-ல் சொன்னது பவருக்கு விலை வைப்பது: பயனிலிருந்து c × பவர் கழியும். c-யைச் சிறுகச் சிறுக ஏற்றுங்கள், யாராவது ஒருவரின் பயன் குறையத் தொடங்கும் இடத்துக்கு முன் நிறுத்துங்கள்.

டெசிபெல்:
பவர் கன்ட்ரோலையும் சேனல் தேர்வையும் ஒரே வேகத்தில் ஓடவிட வேண்டாம். பவர் நிலையாக இருக்கும்வரைதான் சேனல் தேர்வு சமநிலையில் நிற்கும் என்று மேலே சொன்ன உத்தரவாதம். பவர் மில்லிசெகண்டில் நகரட்டும், சேனல் நிமிடக் கணக்கில்.