பிரெண்ட்ஸ்டரின் ஆப்ரம்ஸ் கூகிளின் காசை வேண்டாம் என்றது மடைத்தனமா? எங்கள் ஊர் ஆப்பை விற்பதா?

ஊராப்_பொடியன்:
வணக்கம். நானும் ஒரு கூட்டாளியும் சேர்ந்து ஒன்றரை வருடமாக எங்கள் ஊர்ச் சனத்துக்கென்று ஒரு ஆப் செய்து நடத்துகிறோம். யாழ்ப்பாணத்தில் புதிதாக ஒரு பிள்ளையைக் கண்டால் பெரியவர்கள் முதலில் கேட்பது "நீ ஆற்றை மோன்?" (யாருடைய மகன்) என்றுதானே, அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லுகிற ஆப். ஒருவரின் பக்கத்தைத் திறந்தால் அவர் உங்களுக்கு என்ன முறை, யார் வழியாகச் சொந்தம் என்று காட்டும். 1,100 பேர் இருக்கிறார்கள், பாதிக்கு மேல் கனடா, லண்டன், சுவிஸ்.

இப்போது ரொறன்ரோவில் இருக்கும் ஒருவர் முழுவதையும் 15 இலட்சம் ரூபாய்க்குக் கேட்கிறார். கூட்டாளி விற்கவே கூடாது என்கிறான். நான் விற்போம் என்கிறேன். காரணம், போன கிழமை பிரெண்ட்ஸ்டர் என்ற, பேஸ்புக்குக்கு முந்திய சமூக வலைத்தளத்தின் கதையைத் தேடி வாசித்தேன். அதைத் தொடங்கிய ஜொனதன் ஆப்ரம்ஸ் 2003இல் கூகிள் தருவதாகச் சொன்ன 30 மில்லியன் டொலரை வேண்டாம் என்றிருக்கிறார். அதையும் கூகிள் தன் பங்காகவே தர இருந்ததாம், அடுத்த வருடம் கூகிள் பங்குச் சந்தைக்கு வந்தது, மிச்சத்தை நீங்களே கணக்குப் பாருங்கள். அதே 2004இல் ஆப்ரம்ஸைத் தலைமைப் பதவியிலிருந்தும் இறக்கிவிட்டார்கள். எங்களுக்கும் அதுதான் நடக்கப்போகிறதோ என்று பயம்.

(போன தேரன்று ஆப் இரண்டு மணித்தியாலம் படுத்துவிட்டது. அது சேர்வர் பிரச்சினை, அதை விடுங்கள்.)

பழைய_நெற்கபே:
"அதை விடுங்கள்" என்கிறீர் பாரும் தம்பி, விஷயமே அதுதான்.

2004இல் நான் கஸ்தூரியார் வீதியில் ஒரு நெற்கபேயில் பின்னேரங்களில் நின்றவன். சமாதான காலம், ஏ9 வீதி திறந்து வெளிநாட்டுச் சொந்தங்கள் வந்துபோகத் தொடங்கிய நேரம். எட்டு கொம்பியூட்டருக்கும் ஒரே லைன். ஒரு அக்கா கிழமைக்கு ஒருக்கா வந்து பிரெண்ட்ஸ்டரில் தன் கூடப் படித்த பிள்ளைகளைத் தேடுவா. ஒரு பெயரை அமத்திப்போட்டு, கைப்பையிலிருந்து மிக்சர் எடுத்துக் கொறிப்பா, பக்கம் வராது, திரும்ப அமத்துவா. பிறகு எங்கள் லைன் சரியில்லை என்று காசு குறைக்கச் சொல்லிச் சண்டை. நானும் லைன்தான் பிழை என்றே நினைத்தேன். பல வருடத்துக்குப் பிறகுதான் வாசித்தேன், அமெரிக்காவிலேயே ஒரு பக்கம் திறக்க அரை நிமிடத்துக்கு மேல் இருந்துகொண்டிருந்தார்களாம். அக்கா பேந்து ஹாய்5 என்ற இன்னொரு தளத்துக்குப் போய்விட்டா. அவ போனது ஆப்ரம்ஸ் காசு வாங்கவில்லை என்றா?

கிறாப்_கிறுக்கன்:
அண்ணை சொன்னதற்கு மேல் கொஞ்சம், நீளமாகப் போகும், மன்னியுங்கள்.

ஆப்ரம்ஸ் ஒன்றும் புரோகிராமிங் தெரியாத வியாபாரி இல்லை. கனடாக்காரர், நோர்ட்டெல், நெட்ஸ்கேப் என்று தொழில்நுட்ப நிறுவனங்களில் வேலை பார்த்துவிட்டு 2002இல் பிரெண்ட்ஸ்டரைத் தொடங்கியவர். அவருடைய நல்ல யோசனையே அவர் கழுத்தைப் பிடித்தது. ஒருவரின் பக்கத்தைத் திறந்தால் அவருக்கும் உங்களுக்கும் இடையில் யார் யார் என்று சங்கிலியாகக் காட்டும். ஆளுக்கு 100 நண்பர்கள் என்று வைத்தால் முதல் படியில் 100, இரண்டாவதில் 10,000, மூன்றாவதில் 10 இலட்சம். இதைத் திறக்கும் ஒவ்வொரு தடவையும் கணக்குப் பார்த்தால் எந்த சேர்வர்தான் தாங்கும்? 2004இல் ஜாவா என்ற புரோகிராமிங் மொழியில் இருந்ததை பிஎச்பி என்ற மொழிக்கு மாற்றி எழுதினார்கள், கொஞ்சம் வேகம் வந்தது, அதற்குள் அமெரிக்கச் சனம் மைஸ்பேஸ் என்ற போட்டித் தளத்துக்குப் போய்விட்டது. மேலே பெரிய பெரிய ஆட்கள் இருந்த இயக்குநர் சபை அந்த நேரம் புது வசதிகளைப் பற்றித்தான் கதைத்துக்கொண்டிருந்தது என்று பிறகு எழுதினார்கள். பக்கம் திறக்கவில்லை என்பது கூட்டத்தில் பேசுகிற அளவுக்குப் பெரிய விஷயமாகத் தெரியவில்லைப் போல.

இதையும் பாருங்கள். பேஸ்புக் 2004 பெப்ரவரியில் தொடங்கியபோது ஒரு கல்லூரிக்கு ஒரு தரவுத்தளம் என்று பிரித்தே வைத்தது. ஹார்வர்ட்காரர் ஹார்வர்டுக்குள்தான் தேடலாம். கெட்டித்தனமோ வசதியீனமோ, கணக்குச் சின்னதாக இருந்தது, ஒரு கல்லூரி ஒழுங்காக ஓடின பிறகுதான் அடுத்ததைத் திறந்தார்கள்.

உங்கள் ஆப் பிரெண்ட்ஸ்டரை விட மோசம், குறை நினைக்காதீர்கள். அங்கே நண்பன் என்றால் ஒரே ஒரு கோடு. எங்கள் ஊரில் மச்சானை மச்சாள் கட்டி, ஒரே ஆள் ஒரு பக்கத்தால் சித்தப்பா, மற்றப் பக்கத்தால் அத்தான். ஒவ்வொரு தடவையும் அத்தனை வழியையும் தேடுகிறீர்களா, அல்லது ஒருக்காக் கணக்கிட்டுச் சேமித்து வைக்கிறீர்களா? முதலில் இதைச் சொல்லுங்கள்.

ரொறன்ரோ_குளிர்:
நான் வேறு பக்கத்தால் வருகிறேன். ஆப்ரம்ஸ் வேண்டாம் என்று சொன்னதைப் பின்னுக்கு நின்று பார்த்து மடைத்தனம் என்பது சுகம். அந்த வருடமே கிளைனர் பெர்க்கின்ஸ், பெஞ்ச்மார்க் என்ற முதலீட்டு நிறுவனங்கள் 13 மில்லியன் டொலர் போட வந்திருந்தார்கள், அந்த இடத்தில் நீங்கள் இருந்தாலும் "பார்ப்போம்" என்றுதான் சொல்லியிருப்பீர்கள். ஆளும் ஓய்ந்து போகவில்லை, பிறகு நசல் என்று ஒரு செய்திச் சேவை செய்தார். பிரெண்ட்ஸ்டர் ஆசியாவில் இன்னும் சில வருடம் ஓடி, 2009இல் மலேசிய எம்ஓஎல் நிறுவனத்தின் கைக்குப் போனது, அதன் காப்புரிமைகளை 2010இல் பேஸ்புக் 40 மில்லியனுக்கு வாங்கியதாகச் சொன்னார்கள்.

எனக்கு இடிக்கிறது அந்த 15 இலட்சம்தான். 1,100 பேர் உள்ள ஆப்புக்கு அவர் ஏன் அவ்வளவு தருகிறார்? உங்கள் புரோகிராமுக்கா? இல்லை. யாருக்கு எத்தனை பிள்ளைகள், யார் எங்கே இருக்கிறார்கள், யார் இன்னும் கட்டவில்லை என்பது எல்லாம் அதற்குள் இருக்கிறது. இங்கே கலியாணப் புரோக்கர் வேலை செய்கிறவருக்கு அது புதையல். உங்கள் பெரியம்மா தன் மகளின் விபரத்தைத் தந்தது சொந்தம் பார்க்க, விலை போக இல்லை. விற்கிறதென்றால் முதலில் அவவிடம் போய்ச் சொல்லிவிட்டு விற்றுப் பாருங்கள் :)

சுன்னாகச்_சந்தை:
எங்கள் குடும்பத்துக்கு ஒரு வைபர் குறூப் இருக்கிறது, அதிலேயே காலை வணக்கம் படம் தாங்க முடியவில்லை. சரி, பகிடியை விடுவோம். இலங்கையில் பிறந்து சின்ன வயதில் கனடா போன சமத் பலிஹபிட்டிய என்று ஒருவர், 2007இல் பேஸ்புக்கில் சேர்ந்து புதுப் பயனர்களைச் சேர்க்கும் பகுதியை நடத்தினவர். புதிதாக வருகிறவருக்கு 10 நாளுக்குள் 7 நண்பர்கள் கிடைக்கவேண்டும், அதுதான் அவர்கள் பார்த்த ஒரே கணக்கு என்று பிறகு ஒரு பேச்சில் சொன்னார். உங்கள் 1,100 பேரில் இரண்டாம் தரம் திறந்தவர் எத்தனை? அதை வைத்துப் பேசும், 15 இலட்சத்தைப் பிறகு பார்க்கலாம்.

ஊராப்_பொடியன்:
எல்லாருக்கும் நன்றி, மூன்று நாளாக ஆளைக் காணவில்லை என்று நினைக்கவேண்டாம், புரோகிராமுக்குள்தான் கிடந்தேன்.

கிறுக்கன் அண்ணா, சரியாகப் பிடித்தீர்கள். ஒவ்வொரு தடவையும் முழு வழியையும் தேடிக்கொண்டுதான் இருந்தது. தேரன்று வெளிநாட்டில் எல்லாரும் ஒரே நேரத்தில் தேர்ப் படம் பார்க்க வந்து, படத்துக்குக் கீழே இருந்த பெயர்களை அமத்தியிருக்கிறார்கள். சேர்வர்காரரைத்தான் நான் இவ்வளவு நாளும் திட்டினது. இப்போது இரவில் கணக்கிட்டுச் சேமிக்கிறது. இரண்டாம் தரம் திறந்தவர்கள் 312 பேர், சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

ரொறன்ரோக்காரரிடம் என்ன வேலை செய்கிறீர்கள் என்று சாதாரணமாகக் கேட்டேன். இன்னும் பதில் இல்லை. கூட்டாளி "சொன்னேன்தானே" என்று ஆடுகிறான், அவனுக்கும் இது தெரியாது, அவன் வேண்டாம் என்றது வேறு காரணத்துக்கு. அடுத்த கொடியேற்றம் வரைக்கும் விற்பனைக் கதையே இல்லை என்று எழுதி அனுப்பிவிட்டோம்.

நேற்று அம்மம்மாவின் கையில் கொடுத்தேன். பக்கம் உடனே திறந்தது. கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, "இவள் எனக்கு மச்சாள், நீ மகள் முறை என்று போட்டிருக்கிறாய்" என்றா. அந்தப் பிழை எங்கே இருக்கிறது என்று இன்னும் தேடுகிறேன்.