சாவேஜ் டைம்: மொட்டைமாடியில் விழுந்த குண்டுகள்

வைகைக்கரை:
சித்திரைத் திருவிழாவுக்கு அக்கா மகன் வந்திருக்கிறான், ஒன்பது வயது. ஜஸ்டிஸ் லீக் கார்ட்டூனில் 2002-இல் வந்த 'தி சாவேஜ் டைம்' மூன்று பாகத்தையும் அவனோடு உட்கார்ந்து பார்த்தேன். பார்க்காதவர்களுக்குக் கதை இதுதான்: வாண்டல் சாவேஜ் என்ற சாகாவரம் பெற்ற வில்லன், எதிர்காலத்திலிருந்து ஒரு லேப்டாப்பை இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இருக்கும் தனக்கே அனுப்புகிறான். அதில் இருக்கும் விவரங்களை வைத்து ஹிட்லரைக் கவிழ்த்து, ஐஸில் உறைய வைத்துவிட்டு, ஜெர்மனியைக் கையில் எடுக்கிறான். போரின் முடிவே மாறிவிடுகிறது. சூப்பர்மேன் கூட்டம் 1944-க்குப் போய் அதைச் சரிசெய்கிறது.

படம் முடிந்ததும் பையன் தலையணையைத் தூக்கிக்கொண்டு மொட்டைமாடிக்கு ஓடினான். விமானம் ஓட்டினான், குண்டு போட்டான். "யார் மேலடா போடுற?" என்று கேட்டேன். "கெட்டவங்க மேல" என்றான். எங்கே இருக்கிறார்கள் என்றதற்குக் கைப்பிடிச் சுவரைத் தாண்டிக் கீழே காட்டினான். பக்கத்துத் தெருவின் தகரக் கூரைகள். ஒரு வீட்டு வாசலில் ஒரு பாட்டி வடகம் காயவைத்துக்கொண்டிருந்தார்.

என் ஆதங்கம் இதுதான். டாங்கி வெடிக்கிறது, விமானம் நொறுங்குகிறது. ஆனால் ஒரு சாவு வீடு இல்லை. சண்டையைக் காட்டிவிட்டு அதற்குப் போர் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பிள்ளைகளுக்கு இதைக் காட்டாமல் இருப்பதே மேல்.

செல்லூர்த் தறி:
அண்ணே, இதை ஒத்துக்கொள்ள முடியாது. சூப்பர்மேன் கூட்டத்தில் பச்சை மோதிரத்தின் சக்தியால் பறந்து சண்டை போடும் கிரீன் லான்டர்னை நீங்கள் ஒரு வரியில்கூடச் சொல்லவில்லை. இந்தக் கதையின் உயிரே அவர்தான்.

எங்கள் வீட்டில் அப்போது கேபிள் கிடையாது. எதிர்வீட்டு வாசல்படியில் உட்கார்ந்துதான் பார்ப்பேன். மோதிரத்தில் சக்தி தீர்ந்து, பச்சை வெளிச்சம் மங்கி அணைகிற இடம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. எங்கள் தெருவில் கரண்ட் போனால் ஒரே நொடியில் அத்தனை தறிச் சத்தமும் அடங்கும். திடீரென்று காது அடைத்த மாதிரி இருக்கும், அப்பா கையைப் பிசைந்துகொண்டு வெளியே வந்து நிற்பார். அதே அமைதிதான் அந்தக் காட்சியில்.

அதற்குப் பிறகு அந்த ஆள் யார்? முன்னாள் ராணுவ வீரர் ஜான் ஸ்டூவர்ட், அவ்வளவுதான். பறக்க முடியாது, கவசம் கிடையாது. சார்ஜன்ட் ராக்கின் ஈஸி கம்பெனி என்ற அமெரிக்கக் காலாட்படையோடு சேர்ந்து நடந்துதான் போக வேண்டும். அந்தப் பட்டாளத்துக்காரர்கள் யாருக்கும் மோதிரம் இருந்ததே இல்லை, அவர்கள் தினமும் அப்படித்தான் போகிறார்கள் என்பது பதினோரு வயதில் எனக்குப் புரிந்தது. பிணத்தைக் காட்டாமலே புரிந்தது.

பழைய புத்தகக் கடை:
இருவருக்கும் ஒரு சங்கதி. இந்த நாயகர்களில் சிலர் போர்க் காலத்திலேயே காமிக்ஸில் பிறந்தவர்கள். வொண்டர் வுமன் வந்தது 1941, பிளாக்ஹாக் விமானப் படை வந்ததும் 1941. சூப்பர்மேனை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று கதை எழுதியவர்களுக்கு அன்றைக்கே தலைவலி. அவர் போனால் போர் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடுமே! அதனால் 1942-இல் பத்திரிகைத் தொடரில், ராணுவத்தில் சேரப் போன கிளார்க் கென்ட் (சாதாரண மனிதனாக சூப்பர்மேனின் பெயர்) பதற்றத்தில் சுவரை ஊடுருவிப் பார்த்து, அடுத்த அறையில் இருந்த எழுத்துப் பலகையைப் படித்துவிட்டார், கண் பரிசோதனையில் தோற்றார் என்று எழுதிச் சமாளித்தார்கள். உண்மையில் செத்துக்கொண்டிருந்த சிப்பாய்களை ஒரு பொம்மை வீரன் போய்க் காப்பாற்றுவது போல எழுத அன்றைக்கு அவர்களுக்கே மனம் வரவில்லை என்றுதான் நான் படிக்கிறேன். 2002-இல் அந்தக் கூச்சம் போய்விட்டது. வைகைக்கரை சொல்வதில் நியாயம் இருக்கிறது.

மேலூர்ப் பேத்தி:
என் அப்பத்தா 1942-இல் பர்மாவிலிருந்து நடந்து வந்தவர். அப்போது எட்டு வயது. அவருடைய அப்பா ரங்கூனில் ஒரு லேவாதேவிக் கடையில் அடுத்தாளாக இருந்தார். 1941 டிசம்பர் 23-ஆம் தேதி ஜப்பான் விமானங்கள் ரங்கூனில் குண்டு போட்டன. அதற்குப் பிறகு புரோம் வரை ஒரு வழியாக வந்து, அங்கிருந்து மலை தாண்டிக் கடற்கரை ஊரான டவுங்குப் வரை நடை. வழியெல்லாம் காலரா. தம்பியை எங்கே விட்டார்கள் என்று அப்பத்தா கடைசிவரை சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

ஊருக்கு மேலே ஹெலிகாப்டர் போனால் நாங்கள் எல்லோரும் வாசலுக்கு ஓடுவோம். அப்பத்தா மட்டும் அடுப்படிக்குள் போய் நிற்பார். அவர் முந்தியில் எப்போதும் ஒரு முடிச்சு உப்பு இருக்கும். இப்படி ஒருத்தரோடு வளர்ந்த எனக்கு, அந்தக் கார்ட்டூனில் குண்டு விழும் சத்தத்துக்குப் பின்னணி இசை போட்டிருப்பதைப் பொறுக்க முடியவில்லை. பாதியில் எழுந்து போனேன்.

கடைசியில் அவர்கள் எதைச் சரிசெய்கிறார்கள்? வரலாற்றை நடந்தபடியே திருப்பி வைக்கிறார்கள். நடந்தபடி என்றால் என் அப்பத்தா நடந்ததும் சேர்த்துத்தானே?

டி.கல்லுப்பட்டி டீச்சர்:
தங்கச்சி, மனசு கனத்துப்போச்சு. ஆனால் வகுப்பில் வரலாறு சொல்லித்தருகிறவள் என்பதால் ஒன்றைச் சொல்ல வேண்டும். கதை நடப்பது 1944-இல், பிரான்ஸின் நார்மண்டிக் கடற்கரையில் நேச நாட்டுப் படைகள் இறங்கியபோது. பர்மா நடை முடிந்து இரண்டு வருஷம் ஆகிவிட்டது. அதை அவர்கள் தடுத்திருக்க முடியாது.

ஆனால் உங்கள் கேள்வி நிற்கிறது, அதற்கு ஆதாரம் படத்திலேயே இருக்கிறது. சாவேஜ் ஒழிந்த பிறகு ஜெர்மானியர்கள் என்ன செய்கிறார்கள்? ஹிட்லரை ஐஸிலிருந்து எடுக்க ஏற்பாடு செய்கிறார்கள். நாஜி முகாம்களில் கொலை நிற்கப் போவதில்லை. ஹிரோஷிமாவுக்கு இன்னும் ஒரு வருஷம் இருக்கிறது. ஜெயித்துவிட்டோம் என்று நாயகர்கள் கிளம்புகிறார்கள்! என்னைப் பொறுத்தவரை மூன்று பாகத்திலும் பார்க்க வேண்டிய இடம் அதுதான். பிள்ளைகளோடு பார்த்தால் அங்கே நிறுத்திப் பேசுங்கள். காட்டவே வேண்டாம் என்கிற கட்சியில் நான் இல்லை.

உசிலம்பட்டியான்:
எனக்கு வேறு ஒரு குறை. அந்தப் படத்தில் ஹிட்லர் பக்கம் இருந்தால் கெட்டவன், அமெரிக்கா பக்கம் இருந்தால் நல்லவன். எங்கள் வீட்டுக் கூடத்தில் நேதாஜி படம் மாட்டியிருக்கிறது. அவர் 1939-இல் மதுரைக்கு வந்ததைத் தாத்தா அடிக்கடி சொல்வார். அதே நேதாஜி 1942-இல் ஹிட்லரைச் சந்தித்தவர். நார்மண்டியில் ஜூன் 6-ஆம் தேதி ஆட்கள் இறங்கியபோது இம்பாலைச் சுற்றிச் சண்டை நடந்துகொண்டிருந்தது. ஒரு பக்கம் வெள்ளைக்காரன் பட்டாளத்தில் நம் ஆட்கள், எதிர்ப்பக்கம் ஐஎன்ஏ-வில், அதாவது நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில், நம் ஆட்கள். தாத்தா ஒரு பக்கம், அவருடைய பங்காளி இன்னொரு பக்கம். திரும்பி வந்த பிறகு இரண்டு பேரும் ஒரே கிணற்றில்தான் தண்ணீர் இறைத்தார்கள். இதை எந்தக் கார்ட்டூன் சொல்லும்?

செல்லூர்த் தறி:
அமெரிக்காக்காரன் நம் கதையைச் சொல்லவில்லை என்பது அவன் குற்றமா? நாம் சொல்லியிருக்க வேண்டும், அண்ணே. நாம் ஒரு அரைமணி நேரப் பொம்மைப் படம்கூட எடுக்கவில்லை.

மேலூர் அக்கா, உங்களை எதிர்த்துப் பேசும் தகுதி எனக்கு இல்லை. ஆனால் கடைசிக் காட்சி வரை நீங்கள் இருந்திருக்கலாம். வொண்டர் வுமன் முதியோர் இல்லத்துக்குப் போய், போரின்போது அவள் நேசித்த அமெரிக்க வீரர் ஸ்டீவ் ட்ரெவரைப் பார்க்கிறாள். அவளுக்கு அது நேற்று நடந்த போர். அவருக்கு ஆயுள் முழுக்கக் கழிந்துவிட்டது. அங்கே சண்டையும் இல்லை, பறப்பதும் இல்லை. உங்கள் அப்பத்தா அடுப்படியில் நிற்பதைப் படித்ததும் எனக்கு அந்த அறைதான் ஞாபகம் வந்தது.

மேலூர்ப் பேத்தி:
சரி தம்பி, அந்தக் காட்சியை மட்டும் பார்க்கிறேன். முழுப் படத்துக்கும் மனம் மாறுவேன் என்று நினைக்காதீர்கள். போர் முடிந்து வயதாகி உட்கார்ந்திருக்கக் கொடுத்துவைத்தவரை நீங்கள் காட்டுகிறீர்கள். அப்பத்தாவின் தம்பிக்கு வயதே ஆகவில்லை.

வைகைக்கரை:
நேற்று ராத்திரி பையனிடம் மோதிரம் அணைந்ததைப் பற்றிக் கேட்டேன். செல்லூர்த் தம்பி சொன்ன அளவுக்கு அவனுக்கு ஞாபகம் இல்லை. "அப்புறம் சார்ஜ் ஏறிடும் மாமா" என்றான். ஆக, பதினோரு வயதில் உங்களுக்குப் புரிந்தது ஒன்பதில் இவனுக்குப் புரியவில்லை. என் கருத்தில் பாதியை விட்டுக்கொடுக்கிறேன். காட்டலாம், இன்னும் ரெண்டு வருஷம் போகட்டும்.

மேலூர்ப் பேத்தி:
அப்பத்தா பர்மாவிலிருந்து கையில் கொண்டுவந்தது ஒரு பித்தளைச் செம்பு மட்டும்தான். அடி நெளிந்திருக்கும், நேராக நிற்காது. பையனைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், தொட்டுப் பார்க்கட்டும்.

வைகைக்கரை:
வியாழக்கிழமை அவன் ஊருக்குக் கிளம்புகிறான். புதன் காலை வருகிறோம்.