கருங்காய் நோய்: கொக்கோ தோட்டத்தில் பார்த்ததும் செய்ததும்

சின்னத் தோட்டத்தை வீட்டாரே பார்த்துக்கொள்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். மருந்து அடிப்பதைவிட நோய்க்காயைத் தேடிப் பறிப்பதுதான் எங்கள் மரங்களைக் காப்பாற்றியது.

மழை விடாமல் பிடித்த ஒரு பருவத்தில், தரையை ஒட்டிய காய்களில்தான் முதலில் கண்ணில் பட்டது. சின்னதாக ஒரு பழுப்புப் பொட்டு. தொட்டால் தோல் கெட்டியாகவே இருந்தது. இரண்டு வாரத்துக்குள் காய் முழுக்கக் கறுத்து, மேலே மாவு தூவியது போல வெள்ளை பூத்துவிட்டது. நோயைப் பரப்பும் வித்துகள் அந்த வெள்ளையில்தான் இருக்கின்றன. மழைத்துளி தெறித்தால் போதும், அடுத்த காய்க்குத் தாவிவிடும். இதற்குக் காரணமான பைட்டோப்தோராவைப் பூஞ்சை என்று சொன்னாலும், அது தண்ணீரில் நீந்திப் பரவும் தனி வகை.

அதனால் வாரம் ஒரு முறை, ஒரு மரம் விடாமல் சுற்றி, பொட்டு விழுந்த காயை வெள்ளை பூக்கும் முன்னே அறுத்துவிடுகிறோம். உச்சிக் கிளையில் போன பருவத்துக் காய் காய்ந்து தொங்கினால் அதையும் விடுவதில்லை, அங்கிருந்து கீழே சொட்டும். முற்றிய காயில் இப்போதுதான் பொட்டு என்றால் உடனே உடைத்துப் பாருங்கள், பெரும்பாலும் கொட்டை நன்றாகவே இருக்கும். உடைத்த காயின் ஓட்டை மரத்தடியில் குவிக்காமல் புதைத்துவிடுங்கள். கவாத்து செய்து, அதாவது அடர்ந்த கிளைகளை வெட்டி, காற்று புகவிட்டால் காய் சீக்கிரம் உலரும்.

அப்புறம்தான் போர்டோ கலவை. 1 சதக் கலவைக்கு 100 கிராம் மயில்துத்தம் (காப்பர் சல்பேட்), 100 கிராம் சுட்ட சுண்ணாம்பு, 10 லிட்டர் தண்ணீர். பிளாஸ்டிக் வாளிகளில் தனித்தனியாகக் கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்புக் கரைசலில் ஊற்றிக் கலக்க வேண்டும். பளபளப்பான கத்தியை முக்கிப் பார்த்து, செம்பு நிறம் படிந்தால் இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு சேருங்கள். கலந்த அன்றே, மழை தொடங்கும் முன்பே காய்களில் அடித்துவிடுங்கள். இது வராமல் தடுக்கும், அழுகின காயைத் திருப்பித் தராது.

— மறுமொழி —

நல்ல தகவல் அண்ணா. ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். கறுத்த பிஞ்செல்லாம் இந்த நோய் இல்லை. மரம் தன்னால் தாங்க முடியாத பிஞ்சுகளைத் தானே வாடவிடும். முதலில் பிஞ்சு முழுக்க மஞ்சளாகி, பிறகு கறுத்துச் சுருங்கி, உதிராமல் அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கும். இதற்கு மருந்து தேவையே இல்லை. பக்கத்துத் தோட்டக்காரர் இதைப் பார்த்துப் பயந்து தெளிக்கத் தயாரானார். இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டினேன், விட்டுவிட்டார்.

— மறுமொழி —

எங்களுக்குக் கருங்காய் நோய் அடிமரத்தில் வந்தது. பட்டையில் ஈரக்கறை மாதிரித் தெரிந்தது, செம்பழுப்பாக நீர் கசிந்தது. கத்தியால் சுரண்டினால் உள்ளே பட்டை சிவந்திருந்தது. அழுகின காயைப் பறிக்காமல் விட்டால் காம்பு வழியாக நோய் மரத்துக்குள் இறங்கும். கெட்ட பட்டையை நல்ல திசு தெரியும் வரை செதுக்கிவிட்டு, 10 சதப் போர்டோ பசையைப் பூசினோம். பூசிய மரங்களில் புண் ஓரம் கட்டி மூடி வருகிறது. தண்டைச் சுற்றிலும் சிவந்துபோன மரம் மட்டும் பிழைக்கவில்லை. காய் பறிக்கும்போதே அடிமரத்தையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.