கைத்துப்பாக்கிக் குழல் முனையில் எதை மாட்டலாம்: கலிஃபோர்னியாவும் டெக்ஸாஸும்

வைகைக்கரை:
சாக்ரமெண்டோவில் ஒன்பது வருடம் இருந்துவிட்டு இப்போது டாலஸில் வேலை. கிரீன் கார்டு இருக்கிறது. சனிக்கிழமைகளில் சுடும் களத்துக்குப் போகிறேன், 9 மி.மீ. கைத்துப்பாக்கி. பக்கத்தில் நிற்பவர்கள் குழல் முனையில் காம்பென்சேட்டர் மாட்டியிருக்கிறார்கள், சிலர் சைலன்ஸர். எனக்கும் ஆசை. சட்டப்படி சரியா? 2026இல் வரி போய்விட்டது என்கிறார்களே, அது எதற்கு?

பெரியகுளத்தான்:
தம்பி, இரண்டும் வேறு வேறு. காம்பென்சேட்டர் வெடிவாயுவை மேலே திருப்பிவிடும். அதனால் குழல் மேலே தூக்காது, அடுத்த குண்டுக்குக் குறி சீக்கிரம் திரும்பும். சத்தம் குறையாது, பக்கத்தில் நிற்பவருக்கு இன்னும் அதிகமாகவே கேட்கும். கூட்டாட்சிச் சட்டத்தில் இதற்குப் பதிவும் கிடையாது, வரியும் கிடையாது. டெக்ஸாஸிலும் தடை இல்லை. முனையில் மாட்டியதை நிரந்தரமாகப் பற்றவைக்க வேண்டும் என்று யாராவது சொல்வார்கள். அது குழல் 16 அங்குலத்துக்குக் குறைவான ரைஃபிளுக்கு. கைத்துப்பாக்கிக்குக் குறைந்தபட்ச நீளம் என்று ஒன்று இல்லை.

சைலன்ஸர் கதை வேறு. 1934ஆம் ஆண்டுச் சட்டம் அதை இயந்திரத் துப்பாக்கியோடு ஒரே பட்டியலில் வைத்து 200 டாலர் வரி போட்டது. இன்றைய மதிப்பில் அது நாலாயிரம் டாலருக்கு மேல். சாமானியன் வாங்கவே கூடாது என்பதுதான் நோக்கம். 2026 ஜனவரி 1 முதல் சைலன்ஸருக்கு அந்த வரி பூஜ்யம். ஆனால் விண்ணப்பம், கைரேகை, புகைப்படம், ஏடிஎஃப் (துப்பாக்கிகளைக் கண்காணிக்கும் கூட்டாட்சி அமைப்பு) ஒப்புதல் எல்லாம் அப்படியே இருக்கின்றன. ஒப்புதல் வராமல் கடைக்காரர் கையில் தரமாட்டார்.

அந்தப் பதிவும் போக வேண்டும் என்பேன். 9 மி.மீ. சத்தம் சுமார் 160 டெசிபல். 140ஐத் தாண்டினாலே காதுக்கு ஆபத்து. சைலன்ஸர் 20 முதல் 35 வரை குறைக்கும், அவ்வளவுதான். சினிமாவில் வரும் 'புஸ்' வெறும் கற்பனை. எனக்கு வலது காதில் நாலு வருடமாக இரைச்சல், ராத்திரி தூக்கம் இல்லை. காதைக் காக்கும் ஒரு சாமானுக்குக் குற்றவாளி மாதிரி கைரேகை வைக்கச் சொல்வது நியாயமா?

ஸ்டாக்டன்வாசி:
அண்ணா, உங்கள் காதுக்காக வருந்துகிறேன். ஆனால் காதடைப்பானும் அதன்மேல் காதுமூடியும் சேர்த்துப் போட்டால் களத்தில் காதைக் காக்கலாமே. களத்துக்கு வெளியே என்ன நடக்கும் என்பதுதான் என் கவலை. 2019 மே 31, வர்ஜீனியா பீச் நகராட்சிக் கட்டடம். சைலன்ஸர் மாட்டிய .45 கைத்துப்பாக்கியால் 12 பேரைக் கொன்றான் ஒருவன். ஆணியடிக்கும் இயந்திரச் சத்தம் என்று நினைத்ததாக உயிர்தப்பிய ஒருவர் சொன்னார். துப்பாக்கிச் சத்தம் என்று புரிந்து ஓடுவதற்குக் கிடைக்கும் சில நொடிகள் எத்தனை பெரியவை!

நான் இருக்கும் கலிஃபோர்னியாவின் ஸ்டாக்டனில் 1989 ஜனவரியில் பள்ளி மைதானத்தில் 5 குழந்தைகள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதிலிருந்து பிறந்ததுதான் கலிஃபோர்னியாவின் தாக்குதல் ஆயுதச் சட்டம்.

பெரியகுளத்தான்:
அந்தக் குழந்தைகளை நான் மறக்கவில்லை அம்மா. ஆனால் அங்கே பயன்பட்டது ரைஃபிள். பத்து வருடம் கழித்து 1999இல் அதே சட்டத்தில் கைத்துப்பாக்கிக் குழல் முனையில் இவற்றைத் திருகி மாட்டும் மரையையும் சேர்த்தார்கள். இன்றும் அங்கே, மேகஸினை (தோட்டாக் கூட்டை) கழற்றக்கூடிய அரைத் தானியங்கிக் கைத்துப்பாக்கியில் சைலன்ஸரோ, சுடும்போது வரும் தீப்பொறியைக் குறைக்கும் ஒளிமறைப்பானோ ஏறும் மரை இருந்தாலே அது தடைசெய்யப்பட்ட தாக்குதல் ஆயுதம். எதையும் மாட்டவே வேண்டாம், வெறும் மரை போதும். ஆனால் ஒலிம்பிக் போட்டிக்கான சில துப்பாக்கிகளுக்கு மட்டும் பெயர் சொல்லி விலக்கு கொடுத்திருக்கிறார்கள். மரை ஆபத்து என்றால் அவற்றுக்கு மட்டும் எப்படி ஆபத்தில்லாமல் போகும்? வர்ஜீனியா பீச் கொலைகாரனும் ஆயுதங்களைச் சட்டப்படியே வாங்கியிருந்தான். பதிவு என்ன தடுத்தது?

ஸ்டாக்டன்வாசி:
மரை விஷயத்தில் நீங்கள் சொல்வதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். காம்பென்சேட்டர் மாட்ட நினைக்கும் போட்டிக்காரரும் அதில் மாட்டிக்கொள்கிறார். அதைத் திருத்தலாம். சைலன்ஸர் பதிவை விடமாட்டேன். ஒரு கொலையைத் தடுக்கவில்லை என்பதற்காகப் பதிவையே எடுத்துவிட்டால், வாங்கத் தகுதியில்லாதவனை வடிகட்ட என்ன இருக்கிறது?

பெரியகுளத்தான்:
கடையில் துப்பாக்கி வாங்கும்போது நடக்கிற பின்னணிச் சோதனை போதும். அதைச் சைலன்ஸருக்கும் வையுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை.

வழிப்போக்கன்:
இருவரும் விட்ட இரண்டு விஷயங்கள். ஒன்று, எச்1பி, எச்4 விசாவில் இருப்பவர் பொதுவாகத் துப்பாக்கி வைத்திருக்கவே கூடாது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருந்தால் விலக்கு உண்டு. கிரீன் கார்டு உங்களுக்கு மட்டும் இருந்து, கூடத் தங்கியிருக்கும் தம்பி எச்1பி என்றால், பெட்டகச் சாவியை அவரிடம் கொடுக்காதீர்கள். இரண்டு, டெக்ஸாஸில் மரைக் குழல் போட்ட துப்பாக்கியோடு கலிஃபோர்னிய எல்லையைத் தாண்டினால் பெருங்குற்றம். அங்கே சைலன்ஸர் வைத்திருப்பதும் அப்படியே. ஏடிஎஃப் ஒப்புதல் தாள் கையில் இருந்தாலும் காப்பாற்றாது.

இன்னொன்று, சைலன்ஸர் வாங்குவதாக இருந்தால் கைத்துப்பாக்கிக்கென்றே உள்ள ஸ்பிரிங் அமைப்பு கொண்டதாகப் பாருங்கள். பெரும்பாலான 9 மி.மீ. துப்பாக்கிகளில் சுட்டதும் குழல் சாய்ந்துதான் அடுத்த தோட்டா ஏறும். முனையில் வெறும் கனத்தைத் தொங்கவிட்டால் சிக்கிக்கொள்ளும்.

வைகைக்கரை:
எல்லோருக்கும் நன்றி. இப்போதைக்குக் காம்பென்சேட்டர் மட்டும் மாட்டுகிறேன். சைலன்ஸரை அப்புறம் பார்த்துக்கொள்கிறேன். பொங்கலுக்கு மாமியார் வீட்டுக்குக் காரிலேயே சாக்ரமெண்டோ போவதாகத் திட்டம், துப்பாக்கியையும் எடுத்துப் போக நினைத்திருந்தேன். இனி அது டாலஸில் பெட்டகத்திலேயே இருக்கும்.