எல்ஓஆர் (பரிந்துரைக் கடிதம்): யாரிடம், எப்போது கேட்பது?

மெக்_கடைசிவருஷம்:
ஏழாவது செமஸ்டர் ஓடிக்கொண்டிருக்கிறது. அடுத்த ஃபாலுக்கு (ஆகஸ்ட் வாக்கில் தொடங்கும் பருவம்) அமெரிக்காவில் 7 பல்கலைக்கழகங்களுக்கு எம்எஸ் அப்ளை செய்கிறேன். ஒவ்வொன்றுக்கும் 3 எல்ஓஆர். முதல் டெட்லைன் டிசம்பர் 15. ஹெச்ஓடிக்கு (துறைத் தலைவர்) என் முகம் தெரியும், பெயர் தெரியுமா என்பது சந்தேகம். பெரிய பதவி, அவரிடமே வாங்கு என்கிறார்கள். "நீயே எழுதிக்கொண்டு வா" என்று சொல்லிவிட்டால்?

தெர்மோ_வாத்தியார்:
ஹெச்ஓடியை விடுங்கள். "ஒழுக்கமானவர், கடின உழைப்பாளி" என்று யாருக்கும் பொருந்துகிற நாலு வரிதான் வரும். உங்கள் வேலையைப் பக்கத்திலிருந்து பார்த்தவர் ப்ராஜெக்ட் கைடு; அவர்தான் முதல். அடுத்து, சேரப்போகும் பிரிவுக்கு நெருக்கமான பாடத்தை நடத்தியவர், அதில் உங்கள் மார்க்கும் நன்றாக இருக்க வேண்டும். மூன்றாவது இன்டர்ன்ஷிப் மேலாளராக இருக்கலாம். சில துறைகள் 2 கடிதமாவது ஆசிரியர்களிடமிருந்து வேண்டும் என்கின்றன, தளத்தில் பார்த்துவிடுங்கள்.

அக்டோபர் தொடக்கத்திலேயே கேளுங்கள். நவம்பர், டிசம்பரில் செமஸ்டர் தேர்வு, பேப்பர் வேல்யூயேஷன் என்று ஆளைப் பிடிக்க முடியாது. நேரில் போய், "சார், என்னைப் பற்றி விவரமாக எழுத உங்களிடம் விஷயம் இருக்கிறதா?" என்று கேளுங்கள். "பார்க்கலாம்ப்பா" என்று இழுத்தால் அது மறுப்புதான். ஒப்புக்கொண்டால் அன்றைக்கே ஒரே மெயிலில் ரெஸ்யூமே, மார்க்‌ஷீட், எஸ்ஓபி (ஏன் படிக்க விரும்புகிறீர்கள் என்று நீங்கள் எழுதும் கட்டுரை) வரைவு, தேதி வரிசையில் டெட்லைன் பட்டியல் எல்லாம் போய்விட வேண்டும்.

எழுதிக்கொண்டு வரச் சொல்வது நம்மூரில் சகஜம். முழுக் கடிதம் எழுதாமல் ஒரு பக்கக் குறிப்பாகக் கொடுங்கள். "ப்ராஜெக்டை நன்றாகச் செய்தேன்" என்றால் பயனில்லை. "சிமுலேஷனும் அளவீடும் ஒத்துவராதபோது தெர்மோகப்பிளை (வெப்பநிலை அளக்கும் சென்சார்) திரும்ப கேலிபரேட் செய்து பிழையைக் கண்டுபிடித்தேன்" என்றால் அவருக்கே ஞாபகம் வந்து எழுதுவார். மூன்றையும் நீங்களே எழுதினால் ஒரே நடை, ஒரே சொற்கள். அடுத்தடுத்து படிக்கிறவருக்கு உடனே தெரிந்துவிடும்.

போர்ட்டல்_புலி:
போர்ட்டல், அதாவது பல்கலைக்கழகத்தின் ஆன்லைன் விண்ணப்பத் தளம், அந்த விஷயம் நான் சொல்கிறேன். 7 பல்கலைக்கழகம் என்றால் கடிதத்தை ஏற்ற ஒவ்வொரு ஆசிரியருக்கும் மெயிலில் 7 லிங்க். சில போர்ட்டல் விவரத்தைப் பதிந்ததும் மெயில் அனுப்பும், சிலது ஃபீஸ் கட்டி சப்மிட் செய்த பிறகுதான். டெட்லைன் அன்று சப்மிட் செய்துவிட்டு சார் மேல் பழி போடக்கூடாது. லிங்க் சில சமயம் ஸ்பேமில் கிடக்கும், பார்க்கச் சொல்லுங்கள். கடிதம் போக, வகுப்பில் இவர் முதல் 5 சதவீதமா, 10 சதவீதமா என்று டிக் செய்யும் ஃபார்மும் உண்டு.

கடிதத்தைப் பின்னால் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறீர்களா என்று உங்களிடம் ஒரு கேள்வி வரும். ஃபெர்பா என்ற 1974 அமெரிக்கச் சட்டத்தின்படி கேட்பது. "விட்டுக்கொடுக்கிறேன்" என்பதையே தேர்ந்தெடுங்கள். மாணவன் பார்ப்பான் என்றால் கடிதத்துக்கு மதிப்பு குறையும்.

மெக்_கடைசிவருஷம்:
நன்றி. கைடு சார் ஜிமெயில்தான் பார்க்கிறார், காலேஜ் மெயில் பாஸ்வேர்ட் மறந்துவிட்டதாம்.

போர்ட்டல்_புலி:
காலேஜ் சிஸ்டம் அட்மினிடம் ரீசெட் செய்து சாரின் போனிலேயே போட்டுத் தரச் சொல்லுங்கள். ஜிமெயிலை ஏற்காத போர்ட்டலும் உண்டு. காலேஜ் மெயிலே இல்லையென்றால் அட்மிஷன் ஆபீஸுக்கு முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். கடிதம் லெட்டர்ஹெட்டில், கையெழுத்தோடு, பிடிஎஃப்பாகப் போகட்டும். சார் பெயரில் நீங்களே ஒரு ஐடி திறந்து ஏற்றுகிற வேலை மட்டும் வேண்டாம். அட்மிஷன் கிடைத்த பிறகு தெரிந்தாலும் ரத்து செய்வார்கள்.