டைப் 1 பிள்ளைக்கு வளர்ச்சி ஓமோன் 0.3: குறைபாடு எண்டு எடுக்கலாமோ?

மாங்குளம் தாதி:
ஒட்டுசுட்டான் பக்கத்துப் பெண்பிள்ளை, 13 வயசு, 38 கிலோ, டைப் 1 சீனி வருத்தம். 30/70 கலப்பு இன்சுலின் காலமை 18 அலகு, பின்னேரம் 6.30க்கு 10. எச்பிஏ1சி (மூண்டு மாசச் சராசரிச் சீனியைக் காட்டுற சோதனை) 11.2%. படுக்கேக்க சீனி 150 மி.கி./டெ.லீ., விடிய 6 மணிக்கு 270–300. போன வருசம் 3 செ.மீ. தான் வளர்ந்திருக்கு. வெளியில வளர்ச்சி ஓமோன் பாத்ததில 0.3 நானோகிராம்/மி.லீ. இரத்தம் எடுத்தது இடியப்பம் சாப்பிட்டு ஒரு மணித்தியாலத்தால. வீட்டுக்காரர் ஓமோன் ஊசி போடுவமோ எண்டு கேக்கினம். சாப்பாட்டால ஏறின சீனிதான் 0.3க்குக் காரணமோ? விடியச் சீனி ஏறுறதுக்கும் இந்த ஓமோனுக்கும் தொடர்பிருக்கோ?

ஆய்வுகூடத்தான்:
அந்த 0.3ஐ வைச்சு ஒண்டும் முடிவெடுக்கேலாது, தங்கச்சி. கபச்சுரப்பி இந்த ஓமோனை விட்டு விட்டுத்தான் சுரக்குது. பெரிய எழுச்சி ஆழ்ந்த நித்திரை தொடங்கின கையோட வரும். பகலில ரெண்டு எழுச்சிக்கு நடுவில எடுத்தால் சுகமான பிள்ளைக்கும் இப்பிடித்தான் வரும்.

சாப்பாடும் சேர்ந்துதான். குளுக்கோசு ஏற, மூளையில இருந்து சோமட்டோஸ்டாட்டின் எண்ட ஓமோன் கூடுதலாக வந்து சுரப்பை அமத்தும். சுகதேகி ஒராள் 75 கிராம் குளுக்கோசு குடிச்சால் 2 மணித்தியாலத்துக்குள்ள ஓமோன் 1க்குக் கீழ இறங்கி, 3–5 மணித்தியாலத்தில திரும்ப ஏறும். இறங்காட்டில், ஓமோன் கூடிச் சுரக்கிற அக்ரோமெகலி வருத்தத்தைச் சந்தேகிக்கிறது. அதாவது குளுக்கோசு குடிக்கிற சோதனை ஓமோன் கூடினதைப் பிடிக்க. குறைவைப் பிடிக்க உதவாது.

குறைவுக்கு ஓமோனைத் தூண்டிப் பாக்கவேணும். பழைய முறை, நாளத்தில இன்சுலின் கிலோவுக்கு 0.1 அலகு குடுத்து, சீனியை 40க்குக் கீழ இறக்கி, 2 மணித்தியாலம் வரை இரத்தம் எடுக்கிறது. வலிப்பு வரக்கூடிய சோதனை. நாளத்தால குடுக்கக் குளுக்கோசும் வைத்தியரும் பக்கத்தில இருக்கவேணும். அதால பிள்ளையளுக்குக் குளோனிடீன் இல்லாட்டி குளுக்ககன் மருந்தைத்தான் கூடுதலாகப் பாவிக்கினம். எதெண்டாலும் சீனி 270இல நிக்கேக்க செய்தால் மறுமொழி குழம்பும்.

அலகையும் பாருங்கோ. சில ரிப்போட்டில மில்லி அலகு/லீற்றர் எண்டு போடுவினம்; அதைச் சுமார் 3ஆல பிரிச்சால்தான் நானோகிராம் வரும்.

வவுனியா கிளினிக்:
மேல சொன்ன அமத்தல் சுகதேகிக்குச் சரி. கட்டுப்பாடில்லாத டைப் 1இல கதை தலைகீழ்: சீனி 300 எண்டாலும் நாள் முழுக்கச் சேர்த்துப் பாத்தால் வளர்ச்சி ஓமோன் கூடத்தான் இருக்கும். ஈரல் இந்த ஓமோனுக்குச் செவி சாய்க்க இன்சுலின் வேணும். சதையியில சுரக்கிற இன்சுலின் நேர ஈரலுக்குப் போகும். தோலுக்குக் கீழ போடுற ஊசி உடம்பெல்லாம் சுத்தித்தான் அங்க போய்ச்சேரும், அளவும் காணாது. அப்ப ஈரல் ஐஜிஎஃப்-1 எண்ட வளர்ச்சிக் காரணியைக் குறைவாகச் செய்யும். எலும்பை நீட்டுறதில பெரிய பங்கு அதுக்குத்தான். கபச்சுரப்பிக்குக் கடிவாளமும் அதுதான், அது குறைய ஓமோன் இன்னும் ஏறும், ஏறின ஓமோன் இன்சுலினை வேலை செய்ய விடாது, சீனி இன்னும் கூடும். இந்த நிலையில ஓமோன் ஊசி போட்டால் எரியிற நெருப்பில எண்ணெய்தான்.

விடியச் சீனிக்கு வருவம். நித்திரையில எழும்புற ஓமோன்ர தாக்கம் சில மணித்தியாலம் பிந்தி, 4–8 மணியளவில சீனியில தெரியும். பருவமடையிற வயசில இது இன்னும் பலமாக இருக்கும். 6.30க்குப் போட்ட 10 அலகில 3 குறுங்கால இன்சுலின், 7 என்பிஎச் (மெதுவாக வேலை செய்யிற இடைக்கால இன்சுலின்). என்பிஎச் 10.30இல இருந்து 2.30 வரை உச்சத்தில நிண்டு, தேவை கூடுற நேரம் பாத்துத் தளரும்.

இன்சுலினைக் கூட்ட முதல் மூண்டு இரவு 3 மணிக்குச் சீனி பாருங்கோ. 70க்குக் கீழ எண்டால் பின்னேர ஊசியைக் கூட்டவே கூடாது. 100–150 எண்டு இருந்து பிறகு ஏறினால் விடியல் ஏற்றம். 3 மணிக்கே 250 எண்டால் இரவுப் பிட்டுக்கும் உடம்பின்ர அடிப்படைத் தேவைக்கும் இன்சுலின் காணாது. (இரவில தாழ்ந்துதான் விடிய ஏறுது எண்ட பழைய விளக்கத்தைத் தொடர் சீனிமானிகள் பெரிசாக ஆதரிக்கேல்லை. ஆனாலும் 3 மணிச் சோதனையை விடாதேங்கோ.)

விடியல் ஏற்றமெண்டால், குறுங்கால இன்சுலினை இரவுச் சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம் முந்தியும் என்பிஎச்சைப் படுக்கப்போக 10 மணிக்கும் பிரிக்கலாமோ எண்டு வைத்தியரிட்டைக் கேளுங்கோ. இப்ப மொத்தம் 28 அலகு, கிலோவுக்கு 0.74. இந்த வயசில 1–1.5 தேவைப்படுறது வழமை. 300 வாற காலமையில சிறுநீரில கீற்றோனும் (இன்சுலின் காணாமல் கொழுப்பு எரியேக்க வாற பொருள்) பாக்கவேணும்.

மாங்குளம் தாதி:
நன்றி அண்ணை. அப்ப ஐஜிஎஃப்-1க்கு எழுதச் சொல்லட்டோ?

வவுனியா கிளினிக்:
இப்ப வேண்டாம். எச்பிஏ1சி 11.2இல அது குறைஞ்சுதான் வரும். குறைபாடு எண்டு பிழையா எழுதிப்போடுவினம். முதல் தைரொயிட், சீலியாக் (கோதுமைப் புரதம் குடலைப் பழுதாக்கிற வருத்தம்) பரிசோதனை, ஈமோகுளோபின், பருவமடைஞ்ச நிலை. ஈரல் வீங்கிக் கிடக்கோ எண்டும் தடவிப் பாக்கச் சொல்லுங்கோ. வளர்ச்சி குறைஞ்சு ஈரல் பெருத்தால் மோரியாக் நிலையை (நெடுநாள் கட்டுப்பாடில்லாத டைப் 1இல வாறது) நினைக்கவேணும். மாதவிடாய் தொடங்கி ரெண்டு வருசம் ஆகியிருந்தால் 3 செ.மீ. குறைவே இல்லை. தொடங்கேல்லை எண்டால் அது குறைவு. உயரத்தை 3 மாசத்துக்கு ஒருக்கா, அதே அளவுகோலில, காலமையில அளவுங்கோ. சீனி சீராகி ஆறு மாசம் பாத்தும் எழும்பாட்டில்தான் ஓமோன் சோதனை.

ஒண்டு கவனம்: வருசக்கணக்காகக் கூடிக் கிடந்த சீனியைச் சடாரெண்டு இறக்கினால் விழித்திரை பழுது தற்காலிகமாக மோசமாகலாம். இறக்கத் தொடங்க முதல் கண்ணைப் பாத்துவிடுங்கோ.

முல்லைக்காரி:
ஊசி போடுற இடத்தைத் தடவிப் பாத்தீங்களோ? ஒரே இடத்தில குத்தித் தடிச்ச கட்டிக்குள்ள போட்டால் இன்சுலின் ஒழுங்கா உறிஞ்சாது. பிரிஜ் இல்லாத வீடெண்டால் போத்தலை உறையில சுத்தி, ஈரமணல் போட்ட மண்சட்டிக்குள்ள நிழலில வைக்கச் சொல்லுங்கோ. திறந்தது 4 கிழமைக்கு மேல வேண்டாம். உருட்டின பிறகும் கட்டி கட்டியாக நிண்டால் எறியுங்கோ. சித்திரை வெக்கையில கெட்ட இன்சுலினோட 3 மணிக்குச் சீனி பாத்து என்ன பிரியோசனம்?